சொதி வாளியும் சிறுமூளையும்

சுவிஸில் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் பந்தி பரிமாறுவதற்கென்றே சில ஆண்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை நியமிப்பதில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சேர்ட் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, அவர்களாகவே சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள். சோற்றுக்கு ஒருவர், பருப்புக்கு ஒருவர், கறிக்கு இருவர் என்று பிரிந்துகொள்வார்கள். சொதிக்கு மட்டும் யாரும் முந்திக்கொண்டு போவதில்லை. தேங்காய்ப்பாலில் தண்ணீராய் ஓடும் அந்தச் சொதியைப் பெரிய வாளியில் தூக்கிக்கொண்டு, நெருக்கி அடுக்கிய கதிரைகளுக்கு இடையில் புகுந்து, பட்டுச் சேலைகளின் தோளுக்கு மேலால் கையை நீட்டி, அகப்பையால் சோற்றின் நடுவில் ஊற்ற வேண்டும். ஒரு துளி தவறினால் ஒரு சேலையின் கதை முடிந்தது.

இருபது வருடமாக அந்த வாளி என் கணவருடையது. "சொதி அண்ணை வந்திட்டாரோ?" என்று மண்டபத்தில் கேட்பார்கள். அவர் சோலோதுர்னில் ஆரே ஆற்றங்கரையோரம் ஒரு உணவகத்தில் சமையல்காரர். ஆறு நாளும் அடுப்படியில் நிற்கிற மனிதர் ஏழாம் நாளும் வாளி தூக்கப் போகிறாரே என்று எனக்கு எரிச்சல் வரும். வீட்டில் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தர ஆயிரம் சாட்டுச் சொல்பவர், ஊரார் இலைக்கெல்லாம் ஓடி ஓடி ஊற்றுவார். வாயால் இப்படிக் குறை சொன்னாலும், அவர் வரிசைக்குள் நுழைந்து நிமிர்ந்து நடக்கும்போது நான் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது உண்மை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குள் குடி இல்லை. ஆனால் பார்க்கிங்கில் இரண்டு மூன்று கார்களின் டிக்கி திறந்திருக்கும். உள்ளே விஸ்கி, சோடா, கடதாசிக் கோப்பைகள், ஒரு பை நிறைய மிக்ஸர். ஆண்கள் "காத்து வாங்கிட்டு வாறன்" என்று எழும்பிப் போவார்கள். திரும்பி வரும்போது காற்றுக்கு ஒரு மணம் இருக்கும். பெண்கள் நாங்கள் கதிரையில் இருந்தபடியே நடையைப் பார்த்து ஆளாளுக்கு எத்தனை கோப்பை என்று கணக்குச் சொல்லுவோம். பெரும்பாலும் தப்பாது.

என் கணவரும் அந்தக் காற்றை வாங்கியவர்தான். பிறகு எங்கள் ஒரே மகள் பல் மருத்துவ உதவியாளராகப் படித்து முடித்து, வேலையும் கிடைத்த அன்று, "இனித் தொடமாட்டன்" என்று அவளிடம் சொன்னார். சாமி படத்துக்கு முன்னால் அல்ல, சமையலறை மேசையில் வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார். மூன்று வருடம் தொடவில்லை. ஆனால் நான் மூன்று வருடமும் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அவரை மோந்து பார்த்தேன். நம்பிக்கை இல்லாத மனுசி நான். அதுவும் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்மன்புரூக்கேயில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையானவளுக்குச் செய்யும் பூப்பு விழா. காலையிலேயே அவர் பிடரி வலிக்கிறது என்றார். "தலையணை சரியில்லை" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மண்டபத்தில் பந்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தலை சுற்றுகிறது என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது காலை அகட்டி வைத்து, கப்பலில் நடப்பவர் போல வந்தார். என் கதிரையைத் தாண்டும்போது விஸ்கி மணம் குப்பென்று அடித்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. நான் எழும்புவதற்குள் அவர் வாளியைத் தூக்கிவிட்டார்.

முதல் வரிசை எப்படியோ முடிந்தது. இரண்டாம் வரிசையில் வலப்பக்கமாகச் சாய்ந்தார். சரிந்த வாளி, வாழையிலை அச்சடித்த கடதாசி இலைகள் ஆறேழையும், மயில்கழுத்து நிறத்தில் ஒரு காஞ்சிபுரத்தையும் குளிப்பாட்டியது. சேலைக்காரி கத்தினாள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவர், எல்லா விழாவிலும் குரல் முதலில் கேட்கிற வகை ஆள், சிரித்துக்கொண்டு சொன்னார்: "சொதி அண்ணைக்கு இண்டைக்கு நல்ல வெறி!" குடிபோதைக்கு எங்கள் ஊரில் அந்தச் சொல்தான். மண்டபம் சிரித்தது.

அந்த இடத்தில் ஒரு பெண்சாதி செய்ய வேண்டியது புருசனைத் தாங்கிப் பிடிப்பது. நான் என்ன செய்தேன்? எழும்பி நின்று, அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன்.

"வெக்கமில்லையோ உங்களுக்கு? பிள்ளைக்குச் சொன்ன சொல்லை இப்பிடியே காப்பாத்துறியள்?"

அவர் என்னைப் பார்த்தார். பார்வை ஒரு இடத்தில் நிற்கவில்லை. "நான் குடிக்கேல்லையப்பா," என்றார். நாக்குக் குழறியது. குழறியதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

எம்மன்புரூக்கேயிலிருந்து சோலோதுர்ன் வரை நான்தான் காரை ஓட்டினேன். வழமையில் அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் இருந்து "கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம், இந்தா பாருங்கோ கோட்டில ஏறுது" என்று சொல்லிக்கொண்டு வருவேன். அன்று ஸ்டியரிங்கும் என் கையில், வாயும் என்னுடையது. வழியெல்லாம் திட்டினேன். அவர் பிளாஸ்டிக் பைக்குள் சத்தி எடுத்தார். அதற்கும் திட்டினேன். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் "குடிக்கேல்லையப்பா" என்றார். "பார்க்கிங்கில ஆரோடயோ முட்டுப்பட்டன்" என்றார். "வாயைத் திறவாதேங்கோ" என்றேன். நாலு மணிக்கு அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அன்று இரவு மகளின் அறையில் படுத்தேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விசயத்தில் மட்டு என்று சொல்லவும் முடியாது, அறவே இல்லை. நான் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்பவள். பக்கவாதத்தின் அடையாளங்களைச் சுவரில் ஒட்டி வைத்த இடத்தில் தினமும் கைகழுவுபவள்.

அடுத்த நாள் காலை ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீரை, உப்புக் கொஞ்சம் கூடவே போட்டுக் கலந்து, டக்கென்று கட்டில் பக்கத்தில் வைத்தேன். வெறி முறிய எங்கள் வீடுகளில் கொடுப்பது அது. அவர் கண்ணைத் திறந்து கையை நீட்டினார். கை கிளாஸைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டியது. மூன்றாம் தடவை தட்டி விழுத்தியது. வேலைக்குப் போகத் தயாராகி வந்த மகள் வாசலில் நின்று இதைப் பார்த்தாள்.

"அம்மா, எவ்வளவு குடிச்சாலும் இவ்வளவு நேரத்துக்கு இப்பிடி இருக்காது," என்றாள்.

அப்போதுதான் எனக்கு முதியோர் இல்லத்துச் சுவர் நினைவுக்கு வந்தது. சுவரில் ஒட்டியிருந்ததைச் செய்தேன். சிரிக்கச் சொன்னேன். பாவம், சிரித்தார். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் உயர்த்தச் சொன்னேன். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. என் விரல்களைப் பிடிக்கச் சொன்னேன். இறுக்கிப் பிடித்தார், பலத்துக்குக் குறைவே இல்லை. "ஒண்டுமில்லை" என்று பெருமூச்சு விட்டேன். பேச்சுக் குழறுவதை வெறியின் கணக்கில் எழுதிவிட்டேன். மகள்தான் விடவில்லை. "அப்பா, எழும்பி நில்லுங்கோ," என்றாள். எழும்பினார். வெட்டிய மரம் போல வலப்பக்கமாகச் சரிந்தார். அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டே அம்புலன்சுக்கு, நூற்று நாற்பத்து நாலுக்கு, அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் மருத்துவர். தன் விரலை அவருக்கு முன்னால் நீட்டி, "என் விரலைத் தொடுங்கள், பிறகு உங்கள் மூக்கைத் தொடுங்கள்" என்றாள். இடக்கை அம்பாகப் போய் வந்தது. வலக்கை நல்லபடியே புறப்பட்டது. ஆனால் மூக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் கன்னத்தில் குத்தியது. புறப்படும்போது இல்லாத நடுக்கம், சேர வேண்டிய இடம் கிட்டும்போது வருகிறது. அது சிறுமூளையின் கையெழுத்து என்று பிறகு படித்தேன்.

படம் எடுத்தார்கள். பிடரிக்கு உள்ளே, சிறுமூளையின் வலப்பக்கத்தில், ஒரு இரத்தக்குழாய் அடைத்திருந்தது.

"எப்போது தொடங்கியது?" என்று மருத்துவர் கேட்டாள்.

"நேற்று மத்தியானம்."

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். முதல் சில மணித்தியாலங்களுக்குள் வந்திருந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றாள். "ஏன் காத்திருந்தீர்கள்?" குற்றம் சாட்டும் குரலல்ல, படிவத்தில் நிரப்ப ஒரு கேள்வி. டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியில், எனக்குத் தெரிந்த அளவில் வாக்கியத்தைக் கட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன், என்றேன். அந்நிய மொழியில் சொல்லும்போது ஒரு சொல்லுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது.

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு குடித்தீர்கள்?"

"நிக்ஸ்," என்றார். ஒன்றுமில்லை.

அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். இருபது மணித்தியாலம் கழிந்த இரத்தம் எதையும் நிரூபிக்காது. அங்கே இருந்த ஒரே சாட்சி அவருடைய சொல். முன்பின் தெரியாத அந்தப் பெண், ஒரு தடவை கேட்டவுடன் அதை நம்பினாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் மூன்று தடவை கேட்டும் நம்பவில்லை.

அன்று பின்னேரம் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதேன். "நான் உங்களை நம்பேல்லையே," என்றேன்.

அவர் சொற்களை ஒவ்வொன்றாக, அளந்து வைப்பவர் போலச் சொன்னார். "நீர் பேசின பேச்சில எனக்கே சந்தேகம் வந்திட்டுது. குடிச்சனோ எண்டு."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. மூக்கைத் துடைக்கக் கடதாசி எடுத்துத் தரக் கையை நீட்டினார், பெட்டியே கீழே விழுந்தது.

மூன்றாம் கிழமை ரீஹாவுக்கு மாற்றினார்கள். உடம்பைத் திரும்பப் பழக்கும் ஆஸ்பத்திரிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அது. அங்கே உடற்பயிற்சி கொடுத்தது உயரமான, கட்டைக் குரலில் சுவிஸ் டொச் பேசும் ஒரு நடுவயதுக்காரி. முதல் நாளே எங்களை இருத்திவைத்து விளக்கினாள். அவளுடைய பேச்சு எனக்கு எட்டாத இடங்களை மகள் தமிழாக்கினாள்.

கையைத் தூக்கு என்று கட்டளை போடுவது மேலே இருக்கிற பெருமூளை. அந்தக் கட்டளை நரம்பு வழியே இறங்கி, கழுத்துக்குச் சற்று மேலே பக்கம் மாறி, முதுகுத்தண்டு வழியாகத் தசைக்குப் போகிறது. இடப்பக்க மூளை வலக்கையை ஆட்டுவது அதனால்தான். உங்கள் கணவருக்கு அந்தப் பாதையில் ஒரு பழுதும் இல்லை, பலம் அப்படியே இருக்கிறது என்றாள். சிறுமூளை கட்டளை போடுவதில்லை, அதன் வலப்பாதி உடம்பின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொள்ளும். போகிற கட்டளையின் ஒரு பிரதி அதற்கும் வரும். கை இப்போது எங்கே நிற்கிறது, கால் எங்கே, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூட்டுகளும் கண்ணும் காதின் உட்பகுதியும் அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். நினைத்ததையும் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு, கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை.

என் கணவர் கவனமாகக் கேட்டுவிட்டு மகளிடம் சொன்னார்: "அப்ப அது உன்ரை கொம்மா மாதிரி. கார் ஓட்டாது. பக்கத்தில இருந்து சொல்லிக்கொண்டே வரும்."

மகள் இதையும் மொழிபெயர்த்தாள். பயிற்சிக்காரி வயிறு குலுங்கச் சிரித்தாள். "அது பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று இப்போது தெரிகிறதல்லவா?" என்று கேட்டாள்.

பிறகு அவள் தரையில் ஒட்டியிருந்த நீலக் கோட்டைக் காட்டினாள். குதிக்காலை மற்றக் காலின் விரலோடு முட்ட வைத்து அதன்மேல் நடக்க வேண்டும். குடித்து வாகனம் ஓட்டியவர்களைப் பொலிஸ் நடக்கவைத்துப் பார்ப்பதும் இப்படித்தான் என்றாள். மதுவுக்கு மிகவும் எளிதாக அகப்படுகிற இடங்களில் ஒன்று இந்தச் சிறுமூளை. அதனால் வெறியில் நிற்பவரும் இவரும் ஒரே மாதிரித்தான் நடப்பார்கள், ஒரே மாதிரித்தான் குழறுவார்கள். பார்வையை மட்டும் நம்பினால் யாரும் ஏமாறலாம். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னாள். எனக்கு ஆறுதல் வரவில்லை. நான் பார்வையை மட்டும் வைத்திருந்தவள் அல்ல, அவருடைய சொல்லும் என்னிடம் இருந்தது.

"என்ன செய்ய முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள்?" என்று அவள் எல்லோரிடமும் கேட்பாள். பக்கத்து அறைக்காரருக்கு மலை ஏற வேண்டும். இன்னொருவருக்குச் சைக்கிள். என் கணவர் யோசிக்கவே இல்லை.

"பந்தியில சொதி வாளி தூக்க வேணும்."

மகளுக்கு மொழிபெயர்க்க ஐந்து நிமிடம் பிடித்தது. அடுத்த நாள் பயிற்சிக்காரி கூட்டித் துடைக்கும் அறையிலிருந்து ஒரு வாளியை எடுத்து வந்திருந்தாள். அரை வாளித் தண்ணீர். அவர் தூக்கினார், அகட்டி நடந்தார், ஊற்றினார், முழுக்கத் தரையில். "நொமால்!" என்றாள். இன்னொரு தடவை. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் அங்கே நாள் முழுக்கச் சொன்னாள். பிழை விடாமல் சிறுமூளை எதையும் பழகாது, பிழைதான் அதற்குப் பாடம், ஆகவே பயப்படாமல் ஊற்றுங்கள் என்றாள். நான் தரை துடைக்கும் துணியோடு பின்னால் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்து கீழே துணி துவைக்கும் அறை வரை, கைபிடியைப் பிடித்தபடி, வாளியோடு இறங்கி ஏறுவார். படியெல்லாம் தண்ணீர். ஒரு நாள் கீழ்வீட்டு சுவிஸ் மனுசி என்னை மறித்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் குரலை ஏற்றத் தயாரானேன்.

"உங்கள் கணவருக்குப் பக்கவாதமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நடையைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள். அவளுக்கு எங்கள் பார்க்கிங் தெரியாது, டிக்கி தெரியாது. அதனால்தான் சரியாகக் கண்டாள். நான் படியில் நின்றே அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அவர் இறங்கும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து, ஒரு பழைய துவாயை நீட்டுவாள்.

வாளியில் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். வெறும் கை நடுங்கும். கரண்டி பிடித்த கை இன்னும் நடுங்கும். நிறைந்த வாளியைத் தூக்கினால் நடுக்கம் அடங்கிவிடும். பாரம் கையை அமர்த்துகிறது, எங்களிடம் மணிக்கட்டில் கட்டுகிற பாரப்பட்டிகூட இருக்கிறது என்று பயிற்சிக்காரி சொன்னாள். ஆக, வாளி தூக்கலாம். அகப்பையால் அள்ளி இலையில் ஊற்றுவதுதான் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊற்ற வேண்டிய இடம் கிட்டும்போது கை துள்ளியது. ஆறு மாதம், ஏழு மாதம் போனது. உணவகத்தில் அரைநாள் வேலைக்குத் திரும்பிவிட்டார், நன்றாகப் பேசினார். அந்த அகப்பை மட்டும் வழிக்கு வரவில்லை.

அதைவிட ஒன்று இருந்தது. அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருந்தன. அவர் ஒன்றுக்கும் வரவில்லை. "இந்த நடையோட உள்ளுக்குப் போனா என்னெண்டு நினைப்பினம் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்பார். எனக்குத் தெரியாதா! ஊரில் கதை வேறுவிதமாக முற்றியிருந்தது. குடித்துக் குடித்துத்தான் மூளையில் அடித்தது என்றார்கள். மண்டபத்தில் வைத்துப் பெண்சாதியே கேட்டாளே என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த உலையை ஏற்றி வைத்ததே நான். "அவருக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொல்லி வந்தேனே தவிர, "அன்று நான்தான் பிழை விட்டேன்" என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மயில்கழுத்துச் சேலைக்காரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோதுகூடச் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் இதைக் கூடவா காணவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம். என் மானத்தை நான் அவருடைய மானத்தால் மூடிக்கொண்டேன். அவர் அதை அறிந்திருந்தார், ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, சாமத்திய வீடு செய்த அதே குடும்பத்தில் மூத்த மகனுக்குக் கல்யாணம், அதே மண்டபம். அழைப்பிதழை அவர் மேசையில் கவிழ்த்து வைத்தார். நான் நிமிர்த்தி வைத்தேன்.

"நீங்கள் வாளியைத் தூக்குங்கோ. அகப்பையை நான் பிடிக்கிறன்," என்றேன்.

"பந்தியில ரெண்டு பேர் ஒரு வாளிக்கோ? சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

அழைப்பிதழை மறுபடியும் கையில் எடுத்தார். "நான் விழுந்தா?"

"விழுந்தா இந்த முறை நான் பிடிப்பன்," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோட்டை எடுத்து எங்கே இஸ்திரிப்பெட்டி என்று கேட்டார்.

அன்று மண்டபத்தில் அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பொத்தானைக் கழற்ற நேரம் எடுத்தது, நான் உதவவில்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். சமையலறையில் அவர் வாளியை நிரப்பச் சொன்னார். "பாதி காணும் அண்ணை" என்று அங்கே நின்றவர்கள் தயங்கினார்கள். "நிறைய விடுங்கோ. நிறைஞ்சாத்தான் நிக்கும்," என்றார்.

காலை அகட்டி, ஒவ்வொரு அடியாக, கண்ணைத் தரையிலேயே வைத்து நடந்தார். நான் அகப்பையோடு பக்கத்தில். முதல் வரிசை முடிந்தது. பேச்சுகள் அடங்கி, எல்லாத் தலைகளும் எங்களையே பார்த்தன. இரண்டாம் வரிசையில், போன வருடம் சரிந்த அதே இடத்தில், அவருடைய முதுகு விறைத்ததைக் கண்டேன். தாண்டிவிட்டோம். மூன்றாம் வரிசையில் அதே குரல் முந்திக்கொண்டது. கெட்ட மனிதர் அல்ல, பகிடி விட்டே பழகியவர்.

"என்ன அண்ணை, இண்டைக்கு நிதானம்தானே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் நிலை தவறும். வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருடைய காது மடல் சிவந்தது.

நான் அகப்பையை வாளிக்குள் போட்டேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. போன வருடம் எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரல்தான் வந்தது.

"இவர் போன வருசம் குடிக்கேல்லை. ஒரு சொட்டும் குடிக்கேல்லை. மூளையில ரத்தக்குழாய் அடைச்சுத்தான் ஆடினவர். குடிக்கேல்லை எண்டு என்னட்டை மூண்டு தரம் சொன்னவர், நான் நம்பேல்லை. உங்களுக்கு முன்னால ஏசினன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அடுத்த நாள் விடியும் வரைக்கும் போட்டு வைச்சிருந்தன். பிழை விட்டது நான். ஒரு வருசமா அதைச் சொல்லாமல் இருந்ததும் நான்."

பின்னால் நாதஸ்வர இசைத்தட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பகிடிக்காரர் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார். அவருக்கு இரண்டு இலை தள்ளி இருந்த, அதிகம் பேசாத ஒரு மெலிந்த மனிதர் எழும்பினார்.

"அக்கா," என்றார். "அண்டைக்குப் பார்க்கிங்கில அண்ணை தடுமாறி வந்து என்னோடதான் முட்டுப்பட்டவர். என்ரை கிளாஸ்தான் அவற்றை உடுப்பில ஊத்துண்டது. எல்லாரும் வெறி எண்டு சிரிக்கேக்கை நான் சொல்லியிருக்க வேணும். என்ரை மனுசி பக்கத்தில இருந்தவ, நான் குடிச்சது தெரிஞ்சிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

வேறு நாளாக இருந்தால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அன்று அதற்கு எனக்கு உரிமை இல்லை. அவர் வெட்கத்துக்கு ஒளித்தார், நானும் வெட்கத்துக்கு ஒளித்தேன். ஒரு வருடம் முழுக்க நடுவில் நின்று ஆடியது என் மனிதர்.

"சொதி ஆறுது," என்றார் என் கணவர். "ஊத்தும்."

அகப்பையை எடுத்தேன். மெலிந்த மனிதரின் இலைக்கு மேலே கையை நீட்டினேன். என் சிறுமூளைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கை நடுங்கியது. கண் நிறைந்து, சோறும் இலையும் ஒன்றாகக் கலங்கின. எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அகப்பை அந்தரத்தில் ஆடியது.

வாளி அசையவில்லை. அதைப் பிடித்தபடி அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இடப்பக்கம்," என்றார். "ம், அவ்வளவுதான். இப்ப ஊத்தும்."